நஞ்சராயன் குளத்தில் ஒரு கோடை நாள்

கோடை விடுமுறை பிறந்ததும் கோயமுத்தூர்வாசிகளுக்கு ஒரு வியாதி கண்டுவிடும். அதற்கு 'நீலகிரி ஜுரம்' என்று நாம் நாமகரணம் செய்திருக்கிறோம். ஜுரம் கண்டவர்கள் கம்பளிச் சட்டையை மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் மார்க்கமாக மலை ஏறிவிடுவார்கள். அங்கே போய், தங்கள் தெருக்காரர்களையே ஏரிக்கரையில் சந்தித்து, "அடடே, நீங்களும் வந்திருக்கிறீர்களா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு இந்த ஜுரம் அவ்வளவாக வருவதில்லை. சட்டைப்பை இடம் கொடாது.

ஆகவே சென்ற மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கையில், நாம் மலைக்குப் போகவில்லை, குளத்துக்குப் போனோம். திருப்பூருக்கு அருகே, ஊத்துக்குளி தாலுகாவிலுள்ள நஞ்சராயன் குளத்துக்கு.

"ஏனுங்க, ஊரே மலைக்குப் போகுது. நீங்க மட்டும் இந்த வெயில்லே சேத்தைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்களே!" என்றாள் நம் இல்லாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே வேறொரு கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஜனவரி மாதத்தில் நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இதே குளத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பறவை பார்க்கக் கார்த்திகை முதல் மாசி வரையில்தான் காலம் என்பது எல்லோரும் அறிந்தது. திபெத்துப் பீடபூமியிலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தின் சிகரங்களுக்கு மேலாகப் பறந்து தெற்கே வருகின்ற வரித்தலை வாத்துக்களைப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டார்கள். நமக்கும் பரம திருப்தி. மறுநாள் வகுப்பிலே ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"சார், விருந்தாளிகளைப் பார்த்துட்டு வந்துட்டோம். வீட்டுக்காரங்களைப் பார்க்கவே இல்லீங்களே! வாத்தெல்லாம் மாசியிலே கிளம்பிப் போயிடும். போகாத பறவைக வெயில் காலத்திலே என்னங்க பண்ணும்?"

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறோம். விடை தெரிந்த கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடுவோம். தெரியாதவற்றுக்கு, "அது அடுத்த வகுப்பில் வரும்" என்று சொல்லிவிடுவது உபாத்தியாயர்களின் பரம்பரை உரிமை. இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வராது என்று தெரிந்ததால், "மே மாதம் போய்ப் பார்க்கலாம், அம்மிணி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம். பிள்ளைகள் பாடத்தை மறந்தாலும் வாக்குறுதியை மறக்கமாட்டார்கள். அந்தப் பெண், அவளுடைய சிநேகிதி, இரண்டு பையன்கள், நம் இல்லாள், நாம் ஆக ஆறு பேர், ஒரு தூக்குப் போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதம், இரண்டு தூரதிருஷ்டிக் கண்ணாடி, ஒரு பெரிய குடை இவற்றோடு விடியற்காலை ரயிலில் ஏறினோம்.

சிங்காநல்லூர், இருகூர், சோமனூர், வஞ்சிப்பாளையம் என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. ரயிலின் தெற்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நொய்யல் நதி நம்மோடு கூடவே வருகிறது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, பேரூரையும் கோவையையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு, கரூர் ஜில்லாவிலே காவேரியில் கலக்கும் நதி அது. கொங்கு நாட்டின் பழைய குளங்களில் பல அந்த நதியையும் அதன் ஓடைகளையும் நம்பி வெட்டப்பட்டவை. மழைக்காலத்தில் வருகிற வெள்ளத்தை ஒரு குளம் நிறைத்து, மிஞ்சியதை அடுத்த குளத்துக்கு விட, அதுவும் நிறைந்து அதற்கடுத்ததற்கு விட, இப்படிச் சங்கிலி போல் கோத்துவைத்தார்கள் நம் முன்னோர்கள். மழை குறைந்த சீமைக்கு அதைவிடச் சிறந்த யுக்தி கிடையாது.

திருப்பூர் ரயிலடிக்கு அருகே குமரனின் நினைவகம் இருக்கிறது. 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், தடியடியில் மண்டை பிளந்தும் கையில் பிடித்த கொடியைக் கீழே விடாத குமரன். பிள்ளைகள் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒரு காலத்தில் கதருக்குப் பெயர் பெற்றிருந்த ஊர் இது. இன்று பனியனுக்குப் பெயர் பெற்றது. உலகத்தின் பல தேசங்களில் ஜனங்கள் உடுத்தும் பின்னலாடை இங்கிருந்து போகிறது. அன்றும் துணி, இன்றும் துணி. ஊரின் பெருமையும் துணியால்; ஊரின் துன்பமும், பின்னால் சொல்லப்போவது போல், துணியால்தான்.

ஊத்துக்குளி மார்க்கமாகப் போகும் டவுன் பஸ் ஒன்று எங்களைச் சர்க்கார் பெரியபாளையத்தில் இறக்கிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்து கரை மேல் ஏறினோம். ஏறியதும் நம் இல்லாள், "அட!" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாம் அன்றைக்கு ஏழு தடவை வெயிலில் காயத் தயாராய் இருந்தோம்.

கோடையின் நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். சுற்றிலும் காய்ந்த மேட்டுக் காடு, பனை மரங்கள், தூரத்தில் சென்னிமலைப் பக்கத்துக் குன்றுகள். நடுவே வெள்ளித் தகடு போல் குளம். இதன் விஸ்தீரணம் ஏறக்குறைய 126 ஹெக்டேர், அதாவது 310 ஏக்கருக்கு மேல். நல்லாறு என்னும் ஓடை கொண்டுவரும் மழை வெள்ளம்தான் இதற்கு ஆதாரம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்ற அரசன் குளத்தைச் செப்பனிட்டான். அதனால் அவன் பெயரே நிலைத்துவிட்டது. அவன் கட்டிய கோட்டை எது, ஜயித்த யுத்தம் எது என்று கேட்டால் பெரும்பாலோர்க்குத் தெரியாது. குளத்தைச் சீர்செய்தவன் பெயரைக் குளம் மட்டும் மறக்கவில்லை.

2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாகாணத்தில் அது 17-ஆவது சரணாலயம். 2024 ஆகஸ்டு மாதத்தில் ராம்சார் ஸ்தலங்களின் ஜாபிதாவிலும் இது சேர்ந்தது. ராம்சார் என்பது பாரசீக தேசத்தில், காஸ்பியன் கடற்கரையில் உள்ள பட்டணம். 1971-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே பல நாடுகள் கூடி, ஏரி, குளம், சதுப்பு நிலம் இவற்றைக் காப்பாற்ற ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பெரிய பெரிய காடுகளைக் காப்பாற்றவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சேறும் சகதியுமான இடத்தையும் காப்பாற்றவேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். இந்தக் குளத்தில் 191 வகைப் பறவைகள் காணப்பட்டதாகக் கணக்கு. "சேத்தைப் பார்க்க" வந்த நம் இல்லாளிடம் இந்தப் புள்ளி விவரத்தைக் கொஞ்சம் கர்வத்தோடு சொன்னோம். அவள், "அதுல ஒண்ணை முதல்ல காட்டுங்க" என்றாள்.

காட்டினோம். முதலில் கண்ணில் பட்டவை கூழைக்கடாக்கள். ஏழெட்டுப் பறவைகள் அரை வட்டமாக நீந்தி வந்தன. வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, மீன்களைக் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கு விரட்டி, எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தண்ணீருக்குள் விட்டன. எழுந்தபோது அலகுக்குக் கீழே பை தொங்கிற்று. "காய்கறிக் கடைக்குப் போகிற பை மாதிரியே இருக்குதுங்க!" என்றான் ஒரு பையன். பையை உடனே விழுங்கிவிட முடியாது. தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மீனை விழுங்கவேண்டும். வடிப்பதற்குள் காகமும் பருந்தும் பங்கு கேட்க வந்துவிடும். கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாய்த் தெரியும்.

ஆழமில்லாத இடத்திலே மஞ்சள் மூக்கு நாரைகள் நின்றன. அவை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகைக் கலங்கிய தண்ணீரில் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறுகின்றன. மீன் அலகில் பட்டவுடன் கண் இமைக்கும் நேரத்துக்குள் அலகு மூடிக்கொள்கிறது. அதற்கப்பால் நத்தை குத்தி நாரை. அதன் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. பாக்கு வெட்டியின் வாய் சரியாகப் பொருந்தாமல் போனது போல. அது படைப்பில் நேர்ந்த பிழையல்ல. வழுக்கும் நத்தையைப் பிடித்துக் கையாள்வதற்கு அமைந்த ஆயுதம்.

"புலவர் ஒருவர் நாரையைத் தூது விட்டாரே, அது இதுதானுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்ணின் சிநேகிதி. சத்திமுத்தப் புலவர் தூது விட்டது செங்கால் நாரை. அது குளிர்காலத்தில் வந்து போகும் பறவை. புலவர் மே மாதத்தில் வறுமைப்பட்டிருந்தால் தூதுக்கு ஆள் அகப்பட்டிராது என்று சொன்னோம். பிள்ளைகள் சிரித்தார்கள். இலக்கிய வகுப்பில் அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை.

கரையோரக் கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனையும். நனைவதால்தான் அது சுலபமாக முங்குகிறது. முங்கியதற்குக் கூலியாக வெயிலில் நின்று காயவேண்டியிருக்கிறது. அதன் தாயாதி பாம்புத் தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியபோது, "பாம்பு! பாம்பு!" என்று நம் இல்லாள் நம் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து நேர்ந்த இந்தச் சம்பவத்துக்காகப் பாம்புத் தாராவுக்கு நம் நன்றி.

இன்னும் நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி, அரிவாள் மூக்கன், சிவந்த குச்சிக் கால்களில் நடக்கும் நெடுங்கால் உள்ளான். மிதக்கும் இலைகளின் மேலே இலைக்கோழி நடந்தது. அதன் கால்விரல்கள் மிக நீளம். பாரம் பரந்து விழுவதால் இலை அமுங்குவதில்லை. நீண்ட வால் முளைத்த அந்த ஜாதியில் பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடை காத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். இதைச் சொன்னபோது நம் இல்லாள் அந்தப் பறவையைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு நம்மையும் ஒரு தடவை பார்த்தாள்.

ஆக, கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. போகாத பறவைகள் வெயில் காலத்தில் சும்மா இருப்பதில்லை. அவற்றில் பல கூடு கட்டிக் குடும்பம் நடத்துகின்றன. மற்றப் பாதி விடை பத்து மணிக்குக் கிடைத்தது.

கரையை விட்டு இறங்கி, தரிசாய்க் கிடந்த ஒரு காட்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே பெருங் கூச்சல். ஆள்காட்டிப் பறவை! நம் பக்கத்தார் ஆக்காட்டி என்பார்கள். ஒன்று நம் தொப்பியை உரசுவது போல் பாய்ந்து பாய்ந்து மேலே ஏறிற்று. மற்றொன்று சற்றுத் தூரத்தில், அடிபட்டது போல் தரையில் இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடிற்று. பையன்களில் ஒருவன் அதைப் பார்க்க இரண்டு அடி முன்னே எடுத்து வைத்தான்.

"நில்லு கண்ணு! கால எடுக்காதே!"

வேலிக்கு அப்புறம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் குரல் அது. பையன் ஒற்றைக் காலில் நின்றான். அவன் வைக்கவிருந்த அடிக்கு ஒரு சாண் தூரத்தில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒரு துரும்பு கிடையாது. மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். உற்றுப் பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியவில்லை.

ஆத்தா வந்து, "நேத்தே நாலு பக்கமும் கல்லு வெச்சேனுங்க. ஆடு தள்ளிப்போட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டே, நான்கு பெரிய கற்களை மறுபடியும் நிறுத்தினாள். தன் முந்தானையில் முடிந்திருந்த சிவப்புத் துணி ஒன்றை அவிழ்த்து, ஒரு குச்சியில் கட்டி நட்டாள். பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட வெட்டுத் துணி அது. "எம்பட பேரன் இங்கதான் கிரிக்கெட்டு வெளையாடுவான். இதைப் பார்த்தா அந்தப் பக்கம் போயிருவான். நீங்களும் தள்ளிப் போங்க சாமி. அம்மாக்காரி வெயில்ல முட்டைய உட்டுட்டுக் கத்தறா பாருங்க" என்றாள். பறவை சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்களும் இதைவிட நன்றாய்ப் பேச முடியாது. நாங்கள் தள்ளிப் போனோம்.

தூரத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து போசியைத் திறந்தபோது உச்சி வேளை. அதே நிழலில் ஒரு பெரியவர் உருமாலைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் பனங்குலை ஒன்று கிடந்தது. "ஏனுங்க, வாத்தியாருங்களா? பார்த்தாலே தெரியுதுங்க" என்று எழுந்து உட்கார்ந்தார். மகள் வீடு இங்கே. சொந்த ஊர் நொய்யலின் கீழ்ப்பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகே என்றார்.

அந்த அணையின் கதை கொங்கு நாட்டாருக்குத் தெரிந்ததுதான். ஆயினும் அந்த மண்ணில் நின்றவர் வாயால் கேட்பது வேறு.

"1992-ல அணை தெறந்தாங்க. இனிமே ரெண்டு போகம்னு நெனச்சோமுங்க. வந்தது தண்ணி இல்லீங்க, சாயம். ஒரு நாளைக்குச் செவப்பா வரும், ஒரு நாளைக்கு ஊதாவா வரும். கெணத்துல எறைச்சு வாயில வெச்சா உப்பு. மாடு மோந்து பார்த்துட்டுத் தலையத் திருப்பிக்கும். தென்னை காய்க்கறதை நிறுத்திருச்சு. அணையைத் தெறந்து உடுங்கன்னு கேக்கறவனைப் பார்த்திருக்கறீங்க. தெறந்து உடாதீங்க சாமின்னு வெவசாயியே கெஞ்சினது எங்கூர்லதானுங்க."

இதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். பருத்தித் துணியில் சாயம் நன்றாய் ஏறவேண்டுமானால் சாயத் தொட்டியில் ஏராளமான உப்பைக் கரைக்கவேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ தண்ணீரிலேயே தங்கிவிடும். பிறகு துணியைப் பல தடவை அலசவேண்டும். அந்தத் தண்ணீரின் நிறத்தை ரஸாயன முறையில் எடுத்துவிடலாம். பார்த்தால் தெளிவாய் இருக்கும். ஆனால் உப்பு அதற்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். வருஷக்கணக்கில் அது நிலத்தில் இறங்கினால் கிணறு உப்பாகும், மண் உவராகும். கீழ்நொய்யல் விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியேறக் கூடாது என்று உத்தரவாயிற்று. அது நிறைவேறாததால், 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி கட்டளையிட்டது.

"ஆகவே நியாயம் ஜயித்தது" என்று பாடத்தை முடித்தோம். உபாத்தியாயர்களுக்குப் பாடம் மணி அடிப்பதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அப்பொழுது, காலையில் ஒற்றைக் காலில் நின்ற பையன் மெதுவாகப் பேசினான். "சார், எங்க அப்பா திருப்பூர்லே சாயப்பட்டறையிலேதாங்க வேலை பார்த்தாரு. அது மூடினப்போ வேலை போச்சு. நான் பிறந்த வருஷம் அது. ஆறு மாசம் கடன் வாங்கித்தான் சாப்பிட்டோம்னு அம்மா சொல்லுவாங்க. அப்புறந்தான் கோயமுத்தூருக்கு வந்து பவுண்டரியிலே சேர்ந்தாரு. நியாயம்னு சொன்னீங்களே சார், எங்களுக்கும் அது நியாயந்தானுங்களா?"

இரண்டு வருஷமாக நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன். அவன் வீட்டுக் கதை நமக்குத் தெரியாது. வேப்பமரத்தடியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நம் சட்டைக்கு உள்ளே இருந்த பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பனியன், திருப்பூர்ச் சரக்கு. மலிவாய்க் கிடைத்தது என்று மூன்றாய் வாங்கினோம். அதன் மலிவுக்கு யார் கிணறு விலை கொடுத்தது, பிறகு அந்தக் கிணற்றைக் காக்க யார் அடுப்பு விலை கொடுத்தது என்று அதுவரை நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

பதில் சொன்னது பெரியவர். அரிவாளை எடுத்து ஒரு பனங்காயைச் சீவி, மூன்று கண் நுங்கையும் பையனிடம் நீட்டினார். "உங்கப்பன் மேல குத்தமில்லைங் கண்ணு. அவரும் தண்ணிக்குள்ள நின்னு கஞ்சி குடிச்சாரு; நானும் தண்ணிய நம்பிக் கஞ்சி குடிச்சேன். போறவிங்க போயிட்டாங்க. நீயும் நானுந்தான் இங்கயே கெடக்கோணும். சாப்பிடு, வெயிலுக்கு நல்லது" என்றார்.

போகாத பறவைகள் என்ன செய்யும் என்று கேட்ட பெண் தன் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் கதை அத்துடன் முடியவில்லை. பட்டறைகள் நிரந்தரமாக மூடப்பட்டுவிடவில்லை. கழிவு நீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாகவே எடுத்து, தண்ணீரை மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் யந்திரங்களைப் பொருத்திக்கொண்டு அவை படிப்படியாகத் திறந்தன. செலவு அதிகம், ஆனால் செய்ய முடியாத காரியம் அல்ல என்று திருப்பூரே காட்டிற்று. விவசாயி வேண்டும், தொழிலாளியும் வேண்டும் என்றால் அந்தச் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும். பனியன் விலையில் அது கொஞ்சம் ஏறட்டுமே! மூன்றாய் வாங்கினவர்கள் இரண்டாய் வாங்கிக்கொள்வோம்.

இந்தக் குளத்துக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. "மழைத் தண்ணி மட்டும் வந்த காலம் போச்சுங்க. இப்ப ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துதான் வருது. அதனாலதான் கோடையிலயும் வத்தாம நிக்குது" என்றார் பெரியவர். பறவைகளுக்குத் தண்ணீர் கிடைப்பதும் அதனால். அந்தத் தண்ணீர் கெடுவதும் அதனால். கோவையின் குளங்களையும் இதே சங்கடம் பிடித்திருக்கிறது. சிங்காநல்லூர்க் குளத்திலும் உக்கடம் பெரிய குளத்திலும் கூழைக்கடா நீந்துகிறது, ஆகாயத்தாமரையும் மண்டுகிறது. சாக்கடையைச் சுத்தம் செய்து விட்டால் அது வரப்பிரசாதம். அப்படியே விட்டால் மெல்ல மெல்லக் கொல்லும் விஷம். இரண்டுக்கும் நடுவே நிற்பது நகரசபையின் யந்திரமும், அதைக் கேட்டு வாங்க வேண்டிய நம் போன்ற வரி கொடுப்போரின் வாயும்தான்.

பறவைக்கும் மனிதனுக்கும் பகை என்று நினைக்கத் தேவையில்லை. செங்கற்பட்டு ஜில்லாவில் வேடந்தாங்கல் கிராமத்தார், தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடலாகாது என்று 1798-லேயே அப்போதைய கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். அதன் பின்னால்தான் சட்டமும் சரணாலயமும் வந்தன. நஞ்சராயன் குளத்திலும் அப்படித்தான். ராம்சார் என்ற பெயரையே கேட்டறியாத ஓர் ஆத்தா, பனியன் துணியைக் குச்சியில் கட்டி நடுகிறாள்.

மூன்று மணிக்கு வெயில் உச்சத்தில் இருந்தது. தரிசுக் காட்டிலிருந்து அனல் எழும்பிற்று. கரை மேல் உட்கார்ந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியால் அந்தச் சிவப்புத் துணியைத் தேடிக் கண்டுபிடித்தோம். பக்கத்தில் ஆள்காட்டி நின்றுகொண்டிருந்தது, உட்காரவில்லை. முட்டைகளுக்கு நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் அதன் துணை வந்து இடத்தை மாற்றிக்கொள்ள, முதற் பறவை குளத்துக்குப் பறந்து வந்தது. ஆழமில்லாத தண்ணீரில் நின்று, வயிற்று இறகுகள் நன்றாய் நனையும்படி முழுகி முழுகி எழுந்தது. குடிக்கவில்லை, இரை தேடவில்லை. நனைந்த வயிற்றோடு திரும்பிப் பறந்து, முட்டைகளின் மேல் அமர்ந்தது.

அடை காப்பது சூடு கொடுப்பதற்கு என்றுதான் நாம் பாடம் நடத்தி வந்தோம். கொங்கு நாட்டுக் கோடையிலே முட்டைக்குச் சூடு கொடுக்கச் சூரியன் இருக்கிறான். தாயின் வேலை அதைக் குளிர்விப்பது. வெந்துவிடாமல் காப்பாற்ற அது குளத்திலிருந்து இறகில் தண்ணீர் சுமந்துகொண்டு போகிறது. அரை மணிக்குள் இரண்டு தடவை போய் வந்ததைப் பார்த்தோம்.

"இப்பத் தெரியுதுங்களா சார், போகாத பறவைக என்ன பண்ணும்னு?" என்றாள் அந்தப் பெண். நம் கேள்வியை நம்மிடமே திருப்பிக் கேட்கிற மாணவி கிடைப்பது ஓர் உபாத்தியாயரின் பாக்கியம். ஆனால் நம் மனசில் அப்போது வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பறவை சுமந்துகொண்டு போகும் தண்ணீர் எப்படிப்பட்ட தண்ணீர்? அதற்கு அதைப் பரீட்சை பண்ணத் தெரியாது. எது கிடைக்கிறதோ அதைத்தான் தன் முட்டைக்குக் கொண்டு போகும். பரீட்சை பண்ண வேண்டியவர்கள் நாம்.

மாலை மங்கும் சமயம் தூக்கணாங்குருவிகள் பனைமரத்தில் கூச்சலிட்டன. கூழைக்கடாக்கள் வரிசையாய் எழுந்து வட்டமிட்டன. ஆத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, "போயிட்டு வாங்க சாமி. முட்டைய நான் பார்த்துக்கறேன்" என்றாள். ரயிலில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நம் இல்லாள், "மலைக்குப் போயிருந்தா இவ்வளவு பேச்சு இருந்திருக்காதுங்க" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அந்தப் பையன் நம்மைத் தேடிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தான். திருப்பூரில் தன் அப்பாரு வீட்டுக்குப் போனவன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போய் வந்தானாம். நான்கு கல்லும் இருந்தன, சிவப்புத் துணி வெளுத்துப் போயிருந்தது, முட்டைகளைக் காணோம்.

"குஞ்சு பொரிச்சுதா, இல்லை ஏதாச்சும் தின்னுருச்சான்னு தெரியலீங்க சார். தேடிப் பார்க்கலாம்னு அப்பா ரெண்டு அடி வெச்சாரு. அவ்வளவுதான், ஆக்காட்டி ரெண்டும் வந்து எங்க தலைமேலே கத்தித் துரத்திருச்சுங்க. ஓட்டமா ஓடி வந்துட்டோம்."

"அப்படியா!" என்றோம். "காப்பாற்ற ஒன்றும் இல்லாத ஆக்காட்டி யாரையும் துரத்தாதப்பா."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, அந்தப் பெண்ணிடம் சொல்வதற்காக வகுப்புக்கு ஓடினான்.